தொண்ணூற்றெட்டில் வந்த தொண்ணூற்றொன்பது

இயேசு மரி சூசை துணை

காரைக்குடி
18.11.1998

அன்பு மகன் ஜோசப் ராஜுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, தங்கச்சி ஜெரினா மூன்று பேரும் ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நன்றாக இருக்கிறோம், சிங்கப்பூரில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று உன் பேரைச் சொல்லித்தான் தினமும் செபமாலையை முடிக்கிறோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துணி காயவே மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் குன்றக்குடிப் பக்கம் அவர் ஸ்கூலுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறார், யாராவது எழுந்து இடம் கொடுத்தால் ரோஷம் வந்துவிடுகிறது. நீ அனுப்பின லேப்டாப் பத்திரமாக வந்து சேர்ந்தது. வந்த பிறகு நடந்ததைத்தான் எழுதப்போகிறேன், நடுவில் உனக்கு என்மேல் கோபம் வரும், வந்தாலும் கடைசி வரை படி.

போன எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் உன் ரூமில் இருக்கிற அருள் பிரகாஷ் பெட்டியோடு நிற்கிறான். லீவுக்குப் பள்ளத்தூர் வந்த மூன்றாம் நாளே கொண்டுவந்துவிட்டான். அவனுக்கும் ஜெரினாவுக்கும் கல்யாணப் பேச்சு போட்டோ அளவில்தானே இருந்தது, நேரில் பார்த்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போனது, அவளும் அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். பெட்டியைப் பிரித்தோம். பெட்டி மேலே 1999 என்று கொட்டை எழுத்து, உள்ளே இருந்த புத்தகத்திலும் 1999. எனக்கு அப்போதே உறுத்தியது, இது 1998 நவம்பர்தானே. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவில் இருபத்தாறு வருசம் உட்கார்ந்தவளுக்கு இன்னும் பிறக்காத வருசத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா, பிறந்த பிள்ளைக்கு மச்சம் பார்க்கிற மாதிரி அந்த மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் 1998 ஆகஸ்டில் செய்தது என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டேன், ஏம்ப்பா, பெட்டி தொண்ணூத்தொம்பதுங்குது, சாமான் தொண்ணூத்தெட்டுங்குது, இது வேற பெட்டிச் சாமானா என்று. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று எனக்கே உறைத்தது. புதுசை வைத்துக்கொண்டு பழசை மாற்றிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது. அவன் முகம் செத்துப்போயிற்று. தெரியலைங்க, கடையில குடுத்ததைத்தான் கொண்டாந்தேன் என்று சொல்லிவிட்டு, பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், அன்றைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் அம்மா ஆரோக்கிய ஷீலா போன் பண்ணி, பையன் இப்பக் கல்யாணம் வேணாங்கறான், தப்பா நெனைக்காதீக என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நல்ல இடத்தை என் வாயாலேயே கெடுத்தேன் தம்பி.

ஆனால் அழுதுகொண்டே இருந்தாலும் புத்தி அந்த வருசத்திலேயே நின்றது, என் குணம் உனக்குத் தெரியும். மறுநாள் லீவு போட்டேன். பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டில் கோடுகோடாக இருக்கிற இடத்துக்குக் கீழே நீளமாக ஒரு நம்பர், மிஷினின் அடியிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டையும் ஒரு தாளில் எழுதி, கடைசி எழுத்திலிருந்து முன்னால் படித்து ஒத்துப் பார்த்தேன், ஆபீசில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம், முன்னாலிருந்து படித்தால் கண் தானாக ஓடிப் பொய் சொல்லிவிடும். பதினோரு எழுத்தும் ஒன்றுதான். அந்தப் பெட்டிக்கு அந்த மிஷின்தான், அருள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம் ஏன் இரண்டு வருசம் என்று காலேஜ் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற வயிரவனைப் போய்க் கேட்டேன். அவன் சிரிக்கிறான். லூசியாம்மா, எனக்கே ரெண்டு தேதி இருக்கே, நீங்க ஆபீஸ்ல எழுதினது ஆகஸ்ட், ஸ்கூல்ல சேக்க வயசு பத்தலைன்னு எங்கப்பா குடுத்தது மே, அதுக்காக நான் வேற ஆளா என்கிறான். கம்பெனிக்காரர்கள் ஆகஸ்டு, செப்டம்பரில் கடைக்கு விடுகிற புதுச் சரக்குக்கு அடுத்த வருசத்துப் பேரை வைத்துவிடுவார்களாம், அப்போதுதான் அடுத்த வருசம் முழுக்கப் புதுசு மாதிரி விற்கலாமாம். நம்மூரில் பிள்ளைக்கு வயசைக் கூட்டிப் போடுகிறார்கள், அவர்கள் குறைத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்து யோசித்தால் நம் கோயிலிலும் அப்படித்தானே, இருபத்தொன்பதாம் தேதி கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கினால் நமக்கு அன்றைக்கே புது வருசம், ஜனவரிக்கா காத்திருக்கிறோம். ஸ்கூலுக்கு ஜூன், ஆபீஸ் கணக்குக்கு ஏப்ரல், இத்தனை வருசத்தையும் குழப்பமில்லாமல் வைத்திருந்தவள் ஒரு பெட்டியைப் பார்த்து மிரண்டுவிட்டேன். வயிரவன் இன்னொன்றும் சொன்னான், 2000 பிறந்தால் சில கம்ப்யூட்டர் அதை 1900 என்று நினைத்துக்கொள்ளுமாம், அப்படியானால் அன்றைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு நூறு வயசா? உனக்குத் தெரிந்தால் எழுது, எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் பள்ளத்தூர் பஸ் ஏறினேன். ஷீலா வாங்க என்றார்கள், தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். சென்னையில் இறங்கியதிலிருந்து ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க, ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்குதுன்னு எம்புள்ள சட்டையைக் கழட்டிப் பெட்டிய மூடி மடியிலயே வச்சுக்கிட்டு வந்தான் தெரியுமா என்றார்கள், எனக்குத் தலை நிமிரவில்லை. அருள் வந்தான். தாளை நீட்டி, ரெண்டு நம்பரும் ஒண்ணுதாம்ப்பா, உன்மேல ஒரு தப்பும் இல்ல, என்னை மன்னிச்சிரு என்றேன். அவன் தாளை வாங்கவில்லை. நம்பரைப் பாத்துட்டுத்தான் வந்தீகளா என்று கேட்டான். இல்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை. ஆமாப்பா, பாத்துட்டுத்தான் வந்தேன், எல்லார்க்கிட்டயும் அத்தாட்சி கேட்டுக் கேட்டே என் புத்தி இப்படி ஆயிருச்சு என்றேன். அப்புறம், ஜெரினாவும் பாத்தாகளா என்றான். நடந்ததைச் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே ப்ராஜெக்டை அதில் அடிக்கத் தொடங்கிவிட்டாள், யுனிவர்சிட்டியில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கிடைக்க வரிசையில் நிற்கிற பாடு தீர்ந்தது என்று. புதன்கிழமை நம்பர் பார்க்க நான் மிஷினைக் கேட்டபோது, அவுக கொண்டாந்து குடுத்தாக, நான் வாங்கிக்கிட்டேன், இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு, தர மாட்டேன் என்றாள், அவள் குளிக்கப் போன பிறகு திருட்டுத்தனமாகத்தான் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. உள்ளே திரும்பி, அம்மா, காப்பி போடும்மா என்றான். அந்தக் காப்பியில் சர்க்கரை அதிகம், எனக்கு ஆகாது, இருந்தாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வருகிற இருபத்திரண்டாம் தேதி நிச்சயம். மே மாதம் நீயும் அருளும் சேர்ந்து வரும்போது கல்யாணம் வைக்கலாம் என்று ஷீலாவும் சொல்லிவிட்டார்கள். அப்பா இப்போது என்னோடு பேசுகிறார், போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசுகிறார். என் மகள் ஒரு தாளும் கேட்காமல் ஒருத்தனை நம்பிவிட்டாள், எனக்கு அது பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது. நீயும் இப்படி ஒருத்தியைப் பார்த்து வைத்திருந்தால் மறைக்காமல் எழுது, நான் கவிழ்த்துப் பார்க்க மாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஓவர்டைம் ஓவர்டைம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிடாதே.

இங்கிருந்தபடியே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன், மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே. அருள் அங்கே திரும்பி வந்ததும் உங்கள் கோயில் சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போய், அவனுக்குக் கல்யாணத் தடை ஒன்றும் இல்லை என்று ஒரு சான்று வாங்கி அனுப்பு. பூசையில் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை வாசிப்பதற்கு நம் பங்குச்சாமியார் கேட்கிறார். எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா
ம. லூசியா