பாலத்தில் நிறுத்திவைத்த படம்

என் பிரியமான அத்தானுக்கு,

கொஞ்சம் தவறியிருந்தால் நேற்று உங்கள் குரலைத் தொலைத்திருப்போம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே சவுதியில், அல் கோபாரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அக்கா பள்ளிக்கூட வேலையை விடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம்தான் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. தியேட்டரே இல்லாத ஊரில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை டிவிடியில் போட்டு, பாதியில் நிறுத்தி, எங்களுக்கு வகுப்பெடுக்க இனி யார் இருக்கிறார்கள்?

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாப்பா, "அப்பா வாய்ஸ் மறந்துடுச்சு மாமா" என்றாள். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் பஹ்ரைனில் இருக்கும் உங்கள் நண்பர் ராகவன் நினைவுக்கு வந்தார். கடைசியாக அவர் வீட்டில் நீங்கள் படம் போட்டுப் பேசியதை, டி.வி.க்கு எதிரே கேமராவை வைத்துப் பிடித்திருந்தார். டி.வி. திரை, அதைச் சுட்டிக்காட்டும் உங்கள் கை, உங்கள் குரல், அவ்வளவுதான். மிச்சமிருப்பது ஒரே ஒரு டிவிடி. நேற்று அக்காவும் நானும் போய் அதை வாங்கிக்கொண்டு சவுதிக்கு வரும் கடல் பாலம் வழியாகத் திரும்பினோம்.

ராகவன் செய்த வேலையைக் கேளுங்கள். கஸ்டம்ஸில் யாரும் நோண்டக்கூடாது என்று நீங்கள் பழக்கிவிட்ட வழக்கப்படியே, அதைக் கார்ட்டூன் பட உறையில் போட்டுத் தந்திருக்கிறார். சும்மா வெள்ளை உறையில் தந்திருந்தால் எவனும் தொட்டிருக்க மாட்டான்.

சவுதிப் பக்கத்து அதிகாரி உறையைத் திறந்தார். உள்ளே எதுவும் அச்சடிக்காத வெறும் டிவிடி.

"கார்ட்டூன் கிதர், பாய்?" கார்ட்டூன் எங்கே என்கிறார்.

"ஃபேமிலி சிடி சார். மாஃபி முஷ்கில்" என்றேன், பிரச்சினை ஒன்றுமில்லை என்ற அர்த்தத்தில். அவர் அதை அங்கிருந்த பிளேயரில் போட்டார்.

எந்தப் படம் தெரியுமா அத்தான்? நீங்கள் ஓயாமல் பேசும் அந்த ஆற்றங்கரைப் படம். ஒற்றை மரம் வரும். அடுத்த காட்சியில் கதாநாயகி ஈரச் சேலையோடு கரையேறுவாள். அது அவர் கண்ணில் பட்டால் டிவிடியை உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார். மரம் வந்தது. அக்கா என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சரியாக அந்த இடத்தில் நீங்கள் படத்தை நிறுத்தினீர்கள்.

"இந்த மரத்தக் கொஞ்சம் பாருங்க. டைரக்டர் இத சும்மா வைக்கல" என்று ஆரம்பித்தீர்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, ஏன் அந்தப் பக்கம் விழுகிறது என்று போய்க்கொண்டே இருந்தீர்கள். அதிகாரி வேகமாக ஓட்டினார். அப்போதும் அதே மரம். உங்கள் கை மட்டும் படபடத்தது. மறுபடி மெதுவாக விட்டார். நீங்கள் இன்னும் நிழலை விட்டு நகரவில்லை.

"ஐயோ, படத்த ஓட விடுங்களேன்" என்று வாரம் தவறாமல் உங்களைத் திட்டிய அக்கா நேற்று என்ன முணுமுணுத்தாள் தெரியுமா? "பேசுங்க. நிறுத்திடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

அதிகாரி திரும்பி, யார் இந்த ஆள் என்று இந்தியில் கேட்டார்.

"மேரா ஹஸ்பண்ட்" என்றாள் அக்கா.

எப்போதும் இப்படித்தான் பேசுவாரா என்று கேட்டார்.

"ஹமேஷா" என்றாள். எப்போதும்.

அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு டிவிடியை வெளியே எடுத்தார். "கலாஸ். யல்லா, யல்லா" என்று, முடிந்தது, கிளம்புங்கள் என்பதுபோல் கையசைத்தார்.

வண்டியில் ஏறிய பிறகுதான் அக்கா அழுதாள். உங்கள் உடலை ஊருக்கு அனுப்பிவைத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. பாப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டாள், பக்கத்தில் அக்கா. ரிமோட்டை அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன். ஒரு வாக்குத் தருகிறேன் அத்தான். நீங்களாகப் பேசி முடிக்கும்வரை இந்த வீட்டில் ஒருவரும் படத்தை ஓட விடச் சொல்ல மாட்டோம்.

உங்கள் வகுப்பில் வாரந்தோறும் தூங்கிப்போன மச்சினன்,
குமரன்