ஜோயலின் கடைவாய்ப் பல்

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். துணியெல்லாம் உள்ளே கொடியில். வீடு முழுக்க ஈர வாடை.

சர்ச் வாசலில் வைத்து ஷீலாவை நான் திட்டினேன் என்று எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கப் பேச்சாம். பொய். அவள் மகன் ஜோயல், நாலு வயது, எங்கள் சர்ச் நர்சரியில் படிக்கிறான். ஞாயிறன்று குனிந்து முத்தமிட்டேன். வாயில் சீழ் நாற்றம். “பல் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே” என்றேன். அவ்வளவுதான். குரல் சற்று ஓங்கியிருக்கலாம். கான்வென்டில் பாடம் நடத்திப் பழகிய குரல், கடைசி பெஞ்சுவரை போகும்.

நாளை நர்சரிக்குப் பல் டாக்டர் வருகிறார். சர்ச் கமிட்டியில் ஏற்பாடு என் பொறுப்பு. வாங்க: டார்ச் பேட்டரி, டிஷ்யூ, டாக்டருக்கு கேக் (வேண்டாம், நன்றாக இருக்காது. வேர்க்கடலை).

ஜூலை 9, புதன்

மழை விட்டது. டாக்டர் நந்தினி சொன்ன நேரத்துக்கு வந்தார். அதுவே பாதி மார்க். சின்னப் பெண், கான்வாஸ் ஷூ. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பாயில் அமர்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக மடியில் தலை வைக்கச் சொன்னார். “சொல்ப பாயி தெகி, புட்டா.” கன்னடம் தெரியாத பிள்ளைகூட வாயைத் திறந்தது.

தாய்மாரிடம் தமிழ். “மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கம்மா. ஈறு ஓரத்துல சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி இருக்கா? இதுதான் ஆரம்பம். இப்பவே நிறுத்திடலாம். பிரவுன் ஆனா என்கிட்டதான் வரணும்.”

குறித்துக்கொண்டவை:
பால் பாட்டிலோடு தூங்க விடக்கூடாது. சர்க்கரை போட்டால் இன்னும் மோசம்.
இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம்.
பிள்ளை தானே தேய்த்தால் போதாது, பெரியவர் தேய்த்துவிட வேண்டும். இரவும். ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு.

சொத்தை அதிகமுள்ள பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் பைபிள் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்! நர்சரி டீச்சர் கிளாடிஸ், ஒரு வசனம் சொன்னால் ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பாள். தினமும், காலை முழுவதும். எங்கள் சர்ச்சில் தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம். ஜோயலுக்கு எல்லோரையும்விட அதிக வசனம் தெரியும்.

டாக்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். கிளாடிஸ் முகம் சுருங்கிவிட்டது. “பாசமா குடுக்குறேன் டாக்டர்.”

“பாசத்த நிறுத்தாதீங்க மிஸ். சாப்பாட்டோட சேத்து ஒரே தடவையா குடுங்க. இல்லன்னா ஸ்டிக்கர் ஒட்டுங்க.”

யாரையும் குறுக வைக்காமல் திருத்தினார். எனக்கு வராத கலை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜோயலுக்குக் கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். வேறு பற்களிலும் சொத்தை. மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் செய்ய வேண்டுமாம். பல் ஆஸ்பத்திரியில் அடுத்த வார வியாழன் இடம் பிடித்துத் தந்தார். பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி தூறல். பால்காரர் வரவில்லை. வரக்காப்பி.

மாலை ஷீலா வந்தாள், அல்சூர் கடையில் வேலை முடிந்து நேராக. ஜோயல் தூங்கும்போது குடிக்கும் பாட்டில் பாலில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். ராத்திரி ஒரே அலறல். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்களாம்.

“நானும் கூடவே அழுதேன் ஆன்ட்டி. ஆனா தண்ணி கலக்காத பால குடுக்கல.”

என்ன பெண்! பகல் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு இதையும் தாங்குகிறாள். சொல்ல நினைத்தேன். இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றினேன்.

அவள் கணவன் பிரபு, பொம்மசந்திரா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கையெழுத்துப் போட மறுக்கிறானாம். “விழப்போற பல்லுக்கு மயக்க மருந்தா? அந்த ஆன்ட்டி நாலு பேர் முன்னாடி உன்ன கேவலப்படுத்தினாங்க. அவங்க பேச்சக் கேட்டு நான் கையெழுத்து போடணுமா?”

“நீயே போடலாமே.”

“அவரு இல்லாம எப்படி ஆன்ட்டி? மயக்கம்னாலே எனக்குப் பயமா இருக்கு.”

ஆக, பல் வைத்தியம் தடைப்பட்டு நிற்பது என்னால்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச். ஜோயல் வசனம் சொல்லவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளாடிஸ் கைப்பையிலிருந்து நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்து, ஒரு வசனமும் கேட்காமல் அவன் கையில் ஒட்டினாள். கிளாடிஸைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரபு வெளியே பைக்கில். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. “அப்புறம் பேசலாம் ஆன்ட்டி.” போய்விட்டான்.

டாக்டருக்குப் போன் செய்தேன். முன்பல் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால்பல் விழப் பத்து வயதுக்கு மேலாகும் என்றார். “அதுவரைக்கும் புள்ள எதுல மெல்லும்னு அவரைக் கேளுங்க மேடம்.” சீழை விட்டுவைத்தால் அடியில் வளரும் பல்லும் கெடலாமாம்.

ஜூலை 14, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. பிரபுவுக்கு எழுத வேண்டியது. முதலில் இங்கே, பிறகு நல்ல தாளில்:

அன்புள்ள பிரபு,

உன் மனைவியை நான் திட்டவில்லை. ஆனால் தனியாக அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் சொன்னது தவறு. ஷீலாவைப் போல உறுதியான தாய்மாரை நான் அதிகம் பார்த்ததில்லை. இதை அதே வாசலில், அதே குரலில் சொல்லவும் தயார்.

என் மேல் உள்ள கோபம் என் மேலேயே இருக்கட்டும். ஜோயலின் கடைவாய்ப் பல் விழ இன்னும் பல வருடம். அதுவரை அவன் எதில் மெல்வான்?

வியாழன் காலை பல் ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்துப் போட வருவாயா? வருவேன் அல்லது மாட்டேன், எதுவானாலும் எழுதி ஷீலாவிடம் கொடுத்தனுப்பு.