முதுகுக்கு நேரமில்லாதவர்களின் மேடை

அம்மாவின் தங்கமே மிதுனா,

நேற்று உன் போட்டோ போட்ட பேனருக்குக் கீழே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சிரிக்காதே. உனக்கு ஸ்கேன் எடுத்த ஓசூர் சென்டர் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது. திறப்பு விழாவில், அங்கே ஸ்கேன் எடுத்த குழந்தைகளின் தாய்க்கு மரியாதையாம். குழந்தைகளுக்கென்று சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருக்கிறார்கள். மேனேஜர் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஏன் போனேன் என்கிறாயா? மைக் தருவதாகச் சொன்னார்கள்.

அந்த மேனேஜரை உனக்கு நினைவிருக்கும். உன் மூளைக் கட்டியை எடுத்த பெங்களூர் டாக்டர், தலையோடு முதுகுத்தண்டையும் முழுதாகப் படம் எடுக்க எழுதிக் கொடுத்திருந்தார். உனக்கு வந்தது அபூர்வ வகை. மூளையைச் சுற்றியிருக்கும் நீரோடு இறங்கி முதுகில் ஒட்டிக்கொள்ளும். சீட்டை நீட்டினேன். மேனேஜர் பாதிகூடப் படிக்கவில்லை.

"கட்டி தலையிலதானே? முதுகு என்னாத்துக்கும்மா? வெளிய இன்னும் ஆறு பேரு காத்திருக்காங்க."

"டாக்டர் எழுதியிருக்காருங்க."

"அவங்க எல்லாத்தையும் எழுதுவாங்க. நீங்க டாக்டரா?"

நான் ஃபேக்டரியில் செல்போன் போர்டுகளில் பிழை பொறுக்குகிறவள். ஒரு மூலையைப் பார்க்காமல் விட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு குழந்தையின் முதுகையே விட்டவருக்குப் புதுக் கட்டடம்.

தலையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. தெருவுக்கே இனிப்பு கொடுத்தோம். பிறகு நீ முதுகு வலிக்கிறது என்றாய். "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறியாடி?" என்று கேட்டது மேனேஜர் இல்லை, நான்தான். இந்தக் கடிதத்தில் நான் காறித் துப்புவதில் ஒரு பங்கு என்மேலும் விழட்டும்.

கால் மடங்கி நீ விழுந்த பிறகுதான் பெங்களூருக்கு ஓடினோம். "பென்னு ஃபிலிம் எல்லம்மா?" என்று டாக்டர் கன்னடத்தில் முதுகுப் படம் எங்கே என்று கேட்டார். இல்லாத படத்தைத் தேடி நான் கவரைத் துழாவிக்கொண்டிருந்தேன். அன்று எடுத்ததில் உன் தண்டு நெடுக வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாயா? அவராலும் சொல்ல முடியவில்லை. வலிக்கிறது என்று நீ சொன்னதையாவது நம்பியிருப்போம், இல்லையா?

மேடையில் என்னைத் 'தைரியமான தாய்' என்றார் மேனேஜர். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பேசினேன்.

"மிஷின் நல்ல மிஷினுங்க. எங்க வெச்சாலும் காட்டும். என் புள்ள சீட்டுல முதுகும் எடுன்னு எழுதியிருந்துச்சு. இந்த அய்யாதான் வேணாம்னாரு."

மைக்கை அணைத்தார்கள். பழக்க தோஷத்தில் முன்வரிசை கைதட்டியது. அதைவிடக் கேவலமான ஓசையை நான் கேட்டதில்லை. பொன்னாடையை நாற்காலியில் எறிந்துவிட்டு இறங்கினேன்.

ஸ்கேனுக்குத் தேதி வாங்க வந்த வேப்பனப்பள்ளிப் பெண் ஒருத்தி வாசலில் என் கையைப் பிடித்தாள். இடுப்பில் குழந்தை, அதன் மொட்டைத் தலையில் தையல்.

"அக்கா, எங்களுக்கும் முதுகு எழுதியிருக்குது. வியாழக்கிழமை வரச் சொல்றாங்க. எனக்குப் பேச வராது. கூட வர்றீங்களா?"

போகிறேன், தங்கமே. அந்தக் குழந்தைக்கு உச்சந்தலையிலிருந்து இடுப்புவரை எடுத்து முடிக்கும்வரை கதவை விட்டு நகர மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி.

உன்னைப் பெற்ற,
அம்மா