அணைக்குள் விளைந்த தர்பூசணி

செப்டம்பர் 5, வியாழன்
அணைக்குள் காய்த்துக் கிடக்கும் தர்பூசணி முழுவதையும் கொடியில் இருக்கும்போதே விலைபேசி வாங்கிவிட்டேன். இந்த மண் அணையின் மதகு வெள்ளத்துக்கு மட்டும்தான் மூடும். மற்ற நாளெல்லாம் ஆறு அதன் வழியே ஓடிவிடும், உள்ளே வெறும் வண்டல். அந்த வண்டல் காயின் இனிப்பு தலைநகர் துனிஸ் வரை தெரியும்.

செப்டம்பர் 10, செவ்வாய்
ஆட்கள் இன்றே அறுக்கலாம் என்றார்கள். நான்தான் வியாழன் என்றேன். வெள்ளிச் சந்தையில் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். வாடிய காம்பை எங்கள் ஊரில் ஒருவரும் தொட மாட்டார்கள்.

செப்டம்பர் 11, புதன்
மலையில் மழை. மதகு பார்க்கும் லஸ்ஆத் காலையிலேயே போன் செய்தார். "ஹெடி அண்ணே, மத்தியானம் மூடப்போறேன். உள்ள யாரும் இருக்க வேணாம்."

ஓடினேன். நாளை வரை பாதி மதகாவது திறந்திருக்கட்டும் என்று கெஞ்சினேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அவர் பார்த்துவிட்டார். கையை எடுத்துக்கொண்டேன்.

"பாதி திறந்தா சந்தைத் தெருவுல இடுப்பளவு தண்ணி. உங்க கடையும் அங்கதானே?"

"கடை எங்கயும் ஓடிடாதுய்யா."

"கடை ஓடாது. பின்னாலயே உங்க வீடு, மாடியும் இல்ல. உள்ள அண்ணி இருக்காங்களே?"

ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். ஒரு லாரி காய்கூட ஏற்ற முடியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்
மறுபடி லஸ்ஆத். "உங்க சரக்கு வந்து என் மதகுக் கம்பியில குவியுது. நாளைக்குத் தண்ணிய எறக்கணும். அடைச்சுக்கிட்டா நீங்கதான் முங்கி எடுக்கணும்."

நீர் முழுக்கப் பச்சைத் தலைகள். மீனவர் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, நானும் கொக்கிக் கழி பிடித்து, பொழுது சாயும்வரை இழுத்தோம். பாதி வெடித்தது, மீதி சேற்றில் ஊறியது. எல்லாம் ஆட்டுக்கு. மனுஷனுக்கு இதை விற்றால் அப்புறம் நான் எப்படிச் சந்தையில் நிற்பது?

இரவு ரொட்டியும் ஹரிஸா மிளகாய் விழுதும். என் மனைவி ஜுஹைனா உள்ளங்கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி
சந்தை வழக்கம்போல் கூடியது. தெருவில் சொட்டு வெள்ளமில்லை, தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். என் இடத்தில் புதினாக்காரி உட்கார்ந்திருந்தாள்.

எதிர்க்கடையில் ஒரே ஒரு தர்பூசணி கிடந்தது. காம்பு வாடியிருந்தது. இருந்தும் அதையே வாங்கிக்கொண்டுபோய் லஸ்ஆத் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.