அப்பா சலித்த சூப்

மஞ்சூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

ரஞ்சனி எழுதுகிறேன். விடுதிச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? கோயம்புத்தூர் வெயிலில் தலைவலி வராமல் இருக்கிறதா? இங்கே மூன்று நாளாக மூடுபனி. துணி காயவில்லை.

போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள். விழுந்து உடைந்த தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் அப்பாவால் "ம்" என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அப்பா கஞ்சி மட்டும் குடித்து இளைத்துப் போகிறார், நர்சிங் உதவியாளர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

இப்போது தினமும் காய்கறி சூப் வைக்கிறேன். பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்யும் ரவிச்சந்திரன் மாமா, உடைந்த கேரட்டுகளைப் பை நிறையக் கொண்டுவந்து தருகிறார். அதோடு உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு. பருப்பில் புரதம் இருக்கிறது என்று அறிவியல் புத்தகத்தில் படித்தேன். எல்லாவற்றையும் குக்கரில் குழைய வேகவைத்து, மிக்சியில் அரைத்து, உப்பும் மிளகும் போட்டால் முடிந்தது.

முதல் நாள் முடியவில்லை. சாயங்காலம் எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லாரும் விளக்குப் போட்டதும் கரண்ட் குறைந்து மிக்சி முனகுமே, அதற்குள் அரைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஜாரில் ஊற்றிவிட்டேன். மூடி பறந்தது. சுவர், காலண்டர், என் தலை எல்லாம் ஆரஞ்சு நிறம். பயப்படாதீர்கள், ஸ்வெட்டர் போட்டிருந்தேன், எங்கும் சுடவில்லை. அப்பா மூக்கால் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரித்ததும் வலித்து, தாடையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பொன்னாயி அத்தை, "ஏனுங்கண்ணா, வாயக் கட்டிப் போட்டாத்தான் பொண்ணு சமையலுக்குக் கொற சொல்லாம இருப்பீங்களாட்டம்!" என்றார். அப்பாவால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதுதான் அத்தைக்குக் கொண்டாட்டம்.

மறுநாள் ஆறவைத்து அரைத்தேன். பீன்ஸ் நார் அப்பாவின் பல்லில் கட்டிய கம்பியில் சிக்கிக்கொண்டது. அதற்கடுத்த நாள் டீ வடிகட்டியில் வடித்தேன். ஒரு வாய் உறிஞ்சியதுமே முகத்தைச் சுளித்தார். சூப்பில் டீத்தூள் வாசம்! டீ ஃபேக்டரியில் நாள் முழுக்கத் தூள் சலிக்கிறவருக்கு வீட்டிலும் அதே வாசம் என்றால் எப்படி இருக்கும்? எழுந்து போய் மாவு சல்லடையை எடுத்து, வெந்நீரில் கழுவி, ஃபேக்டரியில் தூள் சலிப்பது போலவே இரண்டு பக்கமும் தட்டித் தட்டிச் சலித்தார். அன்றிலிருந்து அரைப்பது நான், சலிப்பது அவர். சல்லடையில் கப்பி நின்றால் என்னைப் பார்த்து விரலை ஆட்டுகிறார், நான் மட்ட ரகத் தூள் அரைத்துவிட்டது போல.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை இன்னும் குறைந்தால் அங்கேயே சேர்த்துவிட வேண்டும் என்று போன முறை சொன்னார்கள் அல்லவா? குறையவில்லை அம்மா, கொஞ்சம் ஏறியிருக்கிறது! என்ன கொடுக்கிறாய் என்று டாக்டர் கேட்டார். நான் சொல்வதற்குள் அப்பா கையால் சலித்துக் காட்டினார், எல்லாம் தானே செய்தது போல.

உங்கள் பரீட்சை முடிகிற வாரத்தில்தான் கம்பியையும் எடுப்பார்களாம். கொஞ்ச நாள் போனால் மெதுவாக மெல்லலாமாம். முதலில் என்ன சாப்பிடுவீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். உள்ளங்கையில் களி உருட்டுவது போலக் காட்டினார். நான் கிண்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, சுவரில் இருக்கும் உங்கள் போட்டோவைக் காட்டினார்.

ஆகவே பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். ஆனால் திறந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் கேட்கிறேன், வந்துவிடாதீர்கள் அம்மா.

உங்கள் அன்பு மகள்,
ரஞ்சனி