பீரோவைப் பார்க்கும் கேமரா

செவ்வாய்க்கிழமை, இரவு.

நான் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவின் அறையில் இன்று அவருடைய மகன் கேமரா மாட்டினார். வெளியூரில் இருக்கும் மகள் அம்மாவைப் பார்ப்பதற்காக்கும் என்று நினைத்து, பெரியம்மாவுக்குத் தலை சீவிப் பூ வைத்தேன்.

"பொண்ணு பாக்க வாராங்க, கொஞ்சம் வெக்கப்படுங்க" என்றேன். படுக்கையில் கிடந்தபடியே சிரித்தார்.

வைஃபை சேரவே இல்லை. மகன் தன் செல்லில் கட்டம் கட்டமாக ஒரு படத்தை வரவழைத்து, அதைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பீப் என்றது. செல்லில் அறை தெரிந்தது. பீரோவும் நான் உட்காரும் நாற்காலியும்தான் இருந்தன.

"ஏனுங்க தம்பி, கட்டில் தெரியலீங்களே?"

"அது போதுங்க்கா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று வருடமாக அந்த பீரோச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

சோறு ஊட்டும்போது பெரியம்மா, "ஏங் கண்ணு, இன்னைக்கு வாயே தொறக்கல?" என்றார். பல் வலி என்று சொல்லிவிட்டேன். உடனே மகனைக் கூப்பிட்டு எனக்குக் கிராம்பு கொண்டுவரச் சொன்னார். மகனும் கொண்டுவந்து கொடுத்தார். வலிக்காத பல்லில் அதை அடக்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.