பாறை இடுக்கில் நல்ல தண்ணீர்

என்னங்க,

சோறு மூடி வைத்திருக்கிறேன்.

கடல் உள்வாங்கும்போது, தீவின் அடியிலிருந்து நல்ல தண்ணீர் கசியுமே ஒரு பாறை இடுக்கு, கல்யாணமான புதிதில் கூட்டிப்போய், "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்" என்றீர்களே, இன்று காலை அங்கே போனேன். புதிதாகக் குடிவந்திருக்கும் தையல்காரப் பெண் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் தேடவே இல்லை. நீங்கள் மூடிவைக்கும் தட்டைக்கல்லை நகர்த்தி, முதல் கைத் தண்ணீர் உப்பென்று உங்களைப் போலவே உதறிவிட்டு, அடுத்த கையை அள்ளிக் குடித்தாள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அக்கா, உங்களுக்கும் இந்த இடம் தெரியுமா?"

"இல்லம்மா, இப்பதான் பாக்குறேன்" என்றேன்.

குடத்தில் தண்ணீர் இல்லை. உங்களுக்குத்தான் இடம் தெரியுமே.

இப்படிக்கு,
இப்போதுதான் பார்த்தவள்